வாசகர் கேள்வி–பதில்: கிட் களஞ்சியத்திலிருந்து பொதி கட்டும்போது மூலநிரலைத் தயாரிப்பது எப்படி?

கட்டற்ற மென்பொருள்களைப் பொதியாக்கும் (பிறர் எளிதில் நிறுவும் வடிவில் கட்டித் தரும்) வாசகர்கள் எழுதிய கேள்விகளில், மூலநிரலைத் தயாரிக்கும் கட்டத்தைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான விடைகள் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளன. ஃபெடோரா, ஆர்ச், நிக்ஸ் ஆகிய பிற அமைப்புகளில் நடைமுறை வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: நான் பொதியாக்க விரும்பும் மென்பொருளின் உருவாக்குநர்கள் டார்பால் (மூலக் கோப்புகளை ஒன்றாகக் கட்டிச் சுருக்கிய கோப்பு) எதையும் தனியாக வெளியிடுவதில்லை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் டேக் (ஒரு நிலைக்கு இடும் பெயர்) மட்டும் இடுகிறார்கள். கிட்ஹப்பில் ஒவ்வொரு டேக்கின் கீழும் தானாகத் தோன்றும் 'சோர்ஸ் கோட்' இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா, அல்லது களஞ்சியத்தை குளோன் செய்து (நகலெடுத்து) நானே டார்பால் உருவாக்க வேண்டுமா? இரண்டும் ஒன்றுதானே? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உள்ளே இருக்கும் கோப்புகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் இரண்டு டார்பால்களும் பைட்டுக்குப் பைட் ஒத்திருக்கும் என்றோ, இன்று இறக்கியதும் அடுத்த ஆண்டு அதே இணைப்பிலிருந்து இறக்குவதும் ஒத்திருக்கும் என்றோ நம்பக் கூடாது. அந்த இணைப்புக்குப் பின்னால் உருவாக்குநர் பதிவேற்றிய கோப்பு எதுவும் கிடையாது. நாம் கேட்கும்போது கிட்ஹப்பின் சேவையகம் 'கிட் ஆர்க்கைவ்' கட்டளையை இயக்கி ஒரு டார்பாலை உருவாக்கித் தருகிறது. 2022 அக்டோபரில் வெளியான கிட் 2.38, வெளியிலுள்ள ஜிசிப் நிரலை அழைப்பதை விட்டுவிட்டு, தனக்குள்ளேயே இசட்லிப் வழியாகச் சுருக்கத் தொடங்கியது. அந்த மாற்றம் 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப்பின் சேவையகங்களுக்கு வந்தபோது, உள்ளே ஓர் எழுத்துகூட மாறாத டார்பால்களின் செக்சம் (கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) மாறிப்போனது. அந்தச் செக்சத்தை எழுதிவைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்த பேசல், ஹோம்ப்ரூ போன்ற கருவிகளைச் சார்ந்த பில்டுகள் (மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் வேலைகள்) பலவும் தடைபட்டன. கிட்ஹப் அன்றே அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நிக்ஸில் கிட்ஹப்பிலிருந்து எடுக்கும் வழக்கமான வழி, சுருக்கப்பட்ட கோப்பின் செக்சத்தைப் பதியாமல், விரித்தபின் கிடைக்கும் கோப்பு மரத்தின் செக்சத்தைப் பதிவதால் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவில்லை. அந்த அணுகுமுறையே சரியானது என்பது என் கருத்து. நமக்கு வேண்டியது உள்ளடக்கத்தின் உறுதிப்பாடே தவிர, சுருக்கும் நிரலின் நடத்தை அல்ல.

சுருக்கும் முறை மாறாவிட்டாலும் டார்பால் மாறக்கூடிய இன்னொரு வழி உண்டு. கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் 'எக்ஸ்போர்ட்-சப்ஸ்ட்' என்று குறித்த கோப்புகளில், ஆர்க்கைவ் உருவாகும் நேரத்தில் கமிட் (கிட்டில் பதிந்த ஒரு மாற்றம்) எண், கிளைப் பெயர் போன்றவை நிரப்பப்படும். கமிட் எண்ணின் சுருக்க வடிவத்தைக் கேட்டிருந்தால், களஞ்சியம் வளர வளர அந்தச் சுருக்கத்தின் நீளமே 7 எழுத்திலிருந்து 8, 9 என்று கூடும். கிளைப் பெயர்களைக் கேட்டிருந்தால், அந்தக் கமிட்டைச் சுட்டிக்கொண்டிருந்த கிளை முன்னே நகர்ந்த உடனேயே டார்பாலின் உள்ளடக்கம் வேறாகிவிடும். அதே கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் 'எக்ஸ்போர்ட்-இக்னோர்' என்று குறித்தவை ஆர்க்கைவில் இடம்பெறா. சோதனைக் கோப்புறையையே இப்படி விலக்கி வைத்திருக்கும் திட்டங்கள் பல. பொதி கட்டும்போது சோதனைகளை ஓட்ட விரும்பினால், உங்கள் குளோனில் கிட் கோப்புறைக்குள் இருக்கும் 'இன்ஃபோ/ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் அந்த விலக்கை நீக்கி எழுதிவிட்டு ஆர்க்கைவ் செய்யலாம். தானாகத் தோன்றும் இணைப்பில் இந்த வசதி இல்லை.

சப்மாட்யூல்களை (களஞ்சியத்துக்குள் இணைக்கப்பட்ட பிற களஞ்சியங்களை) இரண்டு வழிகளுமே தருவதில்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கோப்புறை மட்டுமே இருக்கும். பில்ட் தொடங்கிய பிறகுதான் 'தலைப்புக் கோப்பு காணோம்' என்ற பிழை வரும். அதற்குள் காரணத்தை வேறெங்கோ தேட ஆரம்பித்துவிடுவோம். ஆகவே முதலில் அவற்றைப் பட்டியலிடும் கிட்மாட்யூல்ஸ் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒவ்வொரு சப்மாட்யூலும் டெபியனில் ஏற்கெனவே தனிப் பொதியாக உள்ளதா என்று தேடி, இருப்பின் அதையே பயன்படுத்துங்கள். இல்லாதவற்றை மட்டும் துணை டார்பாலாகச் சேருங்கள். டெபியனின் '3.0 குவில்ட்' வடிவம் ஒரே மூலப் பொதியில் பல டார்பால்களை அனுமதிக்கிறது.

எனவே உங்கள் கேள்விக்கு என் பரிந்துரை, குளோன் செய்து நீங்களே டார்பால் உருவாக்குங்கள் என்பதே. டேக் கையொப்பமிடப்பட்டதாக இருந்தால் முதலில் 'கிட் வெரிஃபை-டேக்' கொண்டு சரிபார்த்துவிட்டு, டேக் சுட்டும் கமிட்டின் 40 எழுத்து எண்ணை முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள். டேக்கை உருவாக்குநர் நீக்கிவிட்டு அதே பெயரில் வேறிடத்தில் இட முடியும், கமிட் எண்ணை அப்படி நகர்த்த முடியாது. கிட் ஆர்க்கைவுக்கு டேக்கையோ கமிட்டையோ கொடுத்தால், எல்லாக் கோப்புகளுக்கும் கமிட் நேரத்தையே இட்டு, டாரின் தலைப்பில் கமிட் எண்ணையும் எழுதிவைக்கும். பின்னாளில் 'கிட் கெட்-டார்-கமிட்-ஐடி' கொண்டு அதை வாசித்துக்கொள்ளலாம். ட்ரீ எண்ணைக் கொடுத்தால் அந்த நிமிடத்தின் நேரம் பதிந்துவிடும். அடுத்த முறை அதே டார்பால் கிடைக்காது.

ஒருமுறை உருவாக்கிய டார்பாலைப் பத்திரப்படுத்துங்கள். டெபியன் காப்பகம் ஒரு பெயரில் ஒரு மூல டார்பாலை ஏற்றுக்கொண்டபின், அதே பெயரில் வேறு உள்ளடக்கம் வந்தால் மறுத்துவிடும். கிட்-பில்ட்பேக்கேஜ் என்ற பொதி கட்டும் கருவியைப் பயன்படுத்துவோர் பிரிஸ்டின்-டார் கிளையில் அந்த டார்பாலை மீட்டெடுக்கத் தேவையான சிறு வேறுபாட்டுத் தரவை வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

கேள்வி: குளோன் செய்த கோப்புறையில் கன்ஃபிகர் (கணினிக்கேற்ப பில்டை அமைக்கும் நிரல்) கோப்பே இல்லை. இன்னொரு திட்டத்தில் கன்ஃபிகர் கிட்டிலேயே இருக்கிறது. ஆனால் பில்டை நடத்தும் மேக் கட்டளையைக் கொடுத்தால் 'ஏலோக்கல்-1.15 உங்கள் கணினியில் இல்லை' என்று நின்றுவிடுகிறது. நண்பர் ஒருவர் எல்லாக் கோப்புகளையும் 'டச்' செய்துவிட்டால் (மாறிய நேரத்தை மட்டும் புதுப்பித்தால்) சரியாகிவிடும் என்கிறார். அது சரிதானா? – வாசகர், மதுரை

பதில்: முதல் திட்டத்தில் குறை எதுவும் இல்லை. கன்ஃபிகர் என்பது கையால் எழுதப்படுவதன்று, கன்ஃபிகர்.ஏசி என்ற மூலத்திலிருந்து ஆட்டோகான்ஃப் உருவாக்கித் தருவது. உருவாக்கக்கூடியதை களஞ்சியத்தில் வைக்காதிருப்பது நல்ல வழக்கம். 'ஆட்டோரீகான்ஃப்' கட்டளையை இயக்கினால் கன்ஃபிகர் கிடைத்துவிடும். டெபியனின் பொதி கட்டும் கருவியான டெப்ஹெல்ப்பரின் 10ஆம் இணக்க நிலையிலிருந்து இது பில்டின் பகுதியாகத் தானாகவே நடக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, அந்தத் திட்டத்துக்குத் தேவைப்படும் லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், கெட்டெக்ஸ்ட் போன்ற கருவிகளைப் பில்ட் சார்புகளில் சேர்ப்பது மட்டுமே.

இரண்டாவது திட்டத்தில் நடப்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை கிட் பதிவு செய்வதில்லை. குளோன் செய்யும்போது ஒவ்வொரு கோப்பும் வட்டில் எழுதப்படும் கணமே அதன் நேரமாகிறது. மேக் நிரலோ நேரத்தை மட்டுமே பார்த்து முடிவெடுக்கும். கன்ஃபிகர் கோப்பைவிட கன்ஃபிகர்.ஏசி ஒரு விநாடியின் சிறு பங்கு பிந்தி எழுதப்பட்டிருந்தாலும், மூலம் மாறிவிட்டது என்று கருதி எல்லாவற்றையும் மீண்டும் உருவாக்கக் கிளம்பிவிடும். உருவாக்குநர் பயன்படுத்திய ஏலோக்கல் கருவியின் 1.15 பதிப்பு உங்களிடம் இல்லாததால் அது நிற்கிறது. இதே மூலநிரலை கிட் ஆர்க்கைவ் வழியாக டார்பாலாக்கி விரித்தால் பிழை வராமல் போகலாம். அதில் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே நேரம் இருக்கும், நேரம் சமமாக இருந்தால் மேக் எதையும் புதுப்பிக்காது. ஆனால் கன்ஃபிகர்.ஏசியைத் தொடும் ஒரு பேட்சை (திருத்தக் கோப்பை) நீங்கள் இட்டால், அதே பிழை உடனே திரும்பி வரும்.

டச் செய்வது மேக்கின் வாயை அடைக்கும் வேலை மட்டுமே. பழைய கருவியால் யாரோ ஒருவரின் கணினியில் உருவான கன்ஃபிகர் அப்படியே பயன்பாட்டில் இருக்கும். ஆர்ம்64, பவர்பிசி லிட்டில்-எண்டியன் போன்ற கட்டமைப்புகளை டெபியன் சேர்த்தபோது, பல பொதிகள் கட்டுப்படாமல் போனதற்குக் காரணம், அவற்றோடு வந்த பழைய கன்ஃபிகரும் லிப்டூலும் அந்தக் கட்டமைப்புகளை அறியாதிருந்ததே. பில்டின் தொடக்கத்தில் ஆட்டோரீகான்ஃபைக் கட்டாய விருப்பத்துடன் இயக்கிவிடுங்கள், 1.15 இல்லை என்ற பிழையும் மறைந்துவிடும்.

கேள்வி: எக்ஸ்இசட் நிகழ்வுக்குப் பிறகு, வெளியீட்டு டார்பாலைத் தொடவே கூடாது, கிட்டிலிருந்து மட்டுமே பொதி கட்ட வேண்டும் என்கிறார்கள். கிட்டிலிருந்து எடுத்தால் ஆபத்து நீங்கிவிடுமா? – வாசகர், சிங்கப்பூர்

பதில்: நடந்ததை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் உருவாக்குநரான ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட், எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் புறவாசல் ஒன்று வைக்கப்பட்டிருப்பதை அறிவித்தார். எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப் போனதில் அது அகப்பட்டது. தீங்கான நிரலின் உடல், சிதைந்த சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் கிட் களஞ்சியத்துக்குள்ளேயே இருந்தது. அதைப் பிரித்தெடுத்து இயங்கவைக்கும் திறவுகோலான 'பில்ட்-டு-ஹோஸ்ட்' என்ற எம்4 கோப்பு (கன்ஃபிகரை உருவாக்கப் பயன்படும் வகைக் கோப்பு) மட்டும் கிட்டில் இல்லை. வெளியீட்டு டார்பாலில் மட்டுமே இருந்தது. பில்ட் செய்யப்படும் கணினி லினக்ஸ் எக்ஸ்86-64 தானா, கட்டப்படுவது டெப் அல்லது ஆர்பிஎம் பொதிதானா என்று சோதித்த பிறகே அது வேலையைத் தொடங்கியது. பொதி கட்டுவோரையே அது குறிவைத்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

முந்தைய விடையில் ஆட்டோரீகான்ஃப் இயக்கச் சொன்னேன் அல்லவா, அது இங்கே காப்பாற்றவில்லை. டெபியனில் அந்தக் கட்டளை இயங்கத்தான் செய்தது. எம்4 கோப்புகளில் வரிசை எண் ஒன்று இருக்கும்; கணினியில் நிறுவியுள்ளதைவிட டார்பாலில் உள்ளது உயர்ந்த எண்ணைக் கொண்டிருந்தால், அதுவே புதியது என்று கருதிக் கருவிகள் விட்டுவிடும். தாக்கியவர் அந்த எண்ணை உயர்த்தி வைத்திருந்தார். கிட் மரத்திலிருந்து எடுத்திருந்தால், அந்தக் கோப்பு இல்லாத இடத்தில் அதே பெயரில் கெட்டெக்ஸ்ட் கருவி தரும் உண்மையான கோப்பு வந்து அமர்ந்திருக்கும். சோதனைக் கோப்புகளில் ஒளிந்திருந்த நிரல் உறங்கிக்கொண்டே கிடந்திருக்கும்.

அந்த ஒரு தாக்குதலை கிட் தடுத்திருக்கும் என்பது உண்மை. எல்லாத் தாக்குதல்களையும் தடுக்கும் என்பது உண்மையன்று. களஞ்சியத்தில் எழுதும் உரிமை அந்த நபருக்கு ஏற்கெனவே இருந்தது. கிட்டின் சிறப்பு, ஒவ்வொரு மாற்றமும் யார் பெயரில், எப்போது வந்தது என்று எவரும் படிக்கும்படி வெளிப்படையாகக் கிடக்கிறது என்பதுதான். நிலம் வாங்குகிறவர் கிரயப் பத்திரத்தோடு நின்றுவிடாமல் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்டு வாங்கிப் படிப்பதைப் போல, பொதி கட்டுகிறவரும் டார்பால் எந்த கமிட்டிலிருந்து, எந்தெந்தக் கருவிகள் வழியாக வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கிட் அந்தப் பத்திரங்களை நமக்குத் தருகிறது. படிப்பது நம் பொறுப்பு.

வெளியீட்டு டார்பாலையே பயன்படுத்த வேண்டிய நிலையில் இருப்பவர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதே டேக்கிலிருந்து கிட் ஆர்க்கைவ் எடுத்து, இரண்டையும் வெவ்வேறு கோப்புறைகளில் விரித்து, டிஃப் கட்டளையாலோ டிஃபாஸ்கோப்பாலோ ஒப்பிடுங்கள். டார்பாலில் மட்டும் இருக்கும் கோப்புகளின் பட்டியல் கிடைக்கும். கன்ஃபிகர், மேக்ஃபைல்.இன், மொழிபெயர்ப்புக் கோப்புகள், கையேட்டுப் பக்கங்கள் என்று அந்தப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும்; அதற்காகச் சலித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் எந்த மூலத்திலிருந்து எந்தக் கருவியால் உருவாகிறது என்று சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத கோப்பு ஒன்றே ஒன்று இருந்தாலும் பதிவேற்றத்தை நிறுத்திவிட்டு உருவாக்குநரைக் கேளுங்கள். இதை ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் செய்ய வேண்டும். முதல் முறை மட்டும் செய்துவிட்டு விடுவதில் பயனில்லை.

கிட்டிலிருந்து எடுப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கிட்ஹப்பில் ஒரு களஞ்சியமும் அதன் ஃபோர்க்குகளும் (பிறர் தம் கணக்கில் எடுத்துக்கொண்ட நகல்களும்) பொருள்களைப் பகிர்ந்துகொள்வதால், யாரோ ஒருவர் தம் ஃபோர்க்கில் இட்ட கமிட்டை மூலக் களஞ்சியத்தின் முகவரியிலேயே காட்ட முடியும். ஆகவே கமிட் எண் சரியாகப் பொருந்துகிறது என்பது மட்டும் போதாது. அந்தக் கமிட் உருவாக்குநரின் முதன்மைக் கிளையிலோ கையொப்பமிட்ட டேக்கிலோ அடங்குகிறதா என்பதை 'கிட் பிராஞ்ச் --கன்டெய்ன்ஸ்' போன்ற கட்டளைகளால் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: திட்டத்தில் டேக்கே இல்லை. பதிப்பெண்ணாக எதை இடுவது? கமிட் எண்ணின் முதல் 7 எழுத்துகளை இட்டேன். அடுத்த முறை புதுப்பித்தபோது டெபியனின் நிறுவல் கருவியான ஏபிடி அதைப் பழைய பதிப்பு என்று சொல்லிவிட்டது. – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கமிட் எண்ணுக்கு முன், பின் என்ற வரிசை கிடையாது, அடுத்த கமிட்டின் எண் அகர வரிசையில் எங்கும் விழலாம். வரிசை தருவது தேதி மட்டுமே. ஆகவே '0~கிட்20240115.' என்ற அமைப்பில் தேதியை முன்னும் கமிட் சுருக்கத்தைப் பின்னும் இடுங்கள். டெபியனின் பதிப்பு ஒப்பீட்டில் டில்டே குறி (~) எதற்கும் முந்தியது, வெற்றிடத்துக்கும் முந்தியது. ஆகவே உருவாக்குநர் நாளை 0.1 என்றோ 0.0.1 என்றோ முதல் டேக் இட்டாலும் அது உங்கள் பதிப்பைத் தாண்டியே நிற்கும். தேதியை மட்டும் '20240115' என்று பதிப்பாக இட்டுவிட்டால், பின்னர் வரும் 1.0 அதற்குக் கீழே போய்விடும். எப்பாக் (பதிப்பெண்ணுக்கு முன்னே இட்டு வரிசையை மேலேற்றும் எண்) சேர்ப்பதைத் தவிர வழியிருக்காது, ஒருமுறை சேர்த்த எப்பாக்கை அந்தப் பொதி உள்ளவரை அகற்ற முடியாது.

1.4 வெளிவந்த பின் சில திருத்தங்களுக்காகக் கிட்டிலிருந்து எடுப்பதானால் '1.4+கிட்20240115' என்றும், உருவாக்குநர் 1.5ஐ நோக்கிச் செல்வதாக அறிவித்திருந்தால் '1.5~கிட்20240115' என்றும் இடலாம். அடுத்த வெளியீட்டின் எண் உறுதியாகத் தெரியாதபோது முதல் வடிவமே பாதுகாப்பானது. ஃபெடோராவில் முதல் வடிவத்துக்குக் கூட்டல் குறிக்குப் பதில் கேரட் குறியை (^) இடுவார்கள். தேதி என்பது நீங்கள் பொதி கட்டிய நாளன்று, கமிட் செய்யப்பட்ட நாள்; அதையும் யுடிசி நேரத்தில் எடுங்கள். கிட்டில் எழுதியவரின் தேதி, கமிட் செய்தவரின் தேதி என்று இரண்டு உண்டு. ரீபேஸ் செய்யும்போது (கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் மீண்டும் அடுக்கும்போது) எழுதியவரின் தேதி பழையதாகவே இருந்துவிடும் என்பதால் இரண்டாவதையே கொள்ள வேண்டும்.

பதிப்பெண்ணில் பின்வாங்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் எக்ஸ்இசட் நிகழ்விலேயே சான்று இருக்கிறது. 5.6.1 ஐ விலக்கிப் பழைய பதிப்புக்குத் திரும்பியபோது, டெபியன் அந்தப் பொதிக்கு '5.6.1+ரியலி5.4.5-1' என்று பெயரிட்டது. எல்லோருடைய கணினியும் அதைப் புதுப்பிப்பாக ஏற்றுக்கொண்டது, எப்பாக் தேவைப்படவில்லை.

டேக் உள்ள திட்டங்களில் 'கிட் டிஸ்கிரைப்' தரும் விடையைப் பயன்படுத்தலாம். கடைசி டேக், அதன்பின் வந்த கமிட்களின் எண்ணிக்கை, 'ஜி' என்ற எழுத்தோடு கமிட் சுருக்கம் ஆகியவற்றை அது இணைகோடுகளால் சேர்த்துத் தரும். ஃபெடோராவின் ஆர்பிஎம் பதிப்பெண்ணில் இணைகோடு கூடாது, ஆர்ச்சிலும் கூடாது, எனவே புள்ளியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆழமற்ற குளோனில் (அண்மைக் கமிட்களை மட்டும் எடுத்த நகலில்) டேக்குகள் வந்து சேராததால் இந்தக் கட்டளை 'பெயர் எதுவும் கிடைக்கவில்லை' என்று கைவிரித்துவிடும். கமிட்களை எண்ணிப் பதிப்பெண் ஆக்கும் ஆர்ச் பொதிகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பிழை வராது, எண்ணிக்கை மட்டும் 1 என்று வரும்.

கேள்வி: பைதான் பொதி ஒன்றைக் கட்டினேன். நிறுவிய பின் அதன் பதிப்பு 0.0.0 என்று காட்டுகிறது. – வாசகர், சென்னை

பதில்: அந்தத் திட்டம் செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் பயன்படுத்துகிறது. அது பதிப்பெண்ணை கிட் டேக்கிலிருந்து படிக்கும்; டார்பாலில் கிட் கோப்புறை இல்லாததால் மாற்று எண்ணாகக் கொடுத்து வைத்திருந்த 0.0.0ஐ எடுத்துக்கொண்டது. 'செட்டப்டூல்ஸ்_எஸ்சிஎம்_பிரிடெண்ட்_வெர்ஷன்' என்ற சூழல் மாறியில் சரியான எண்ணை இட்டு பில்ட் செய்யுங்கள். கிட் கோப்புறையையும் டார்பாலுக்குள் சேர்த்துவிடலாமே என்று தோன்றலாம், வேண்டாம். அதன் உள்ளமைப்பு குளோனுக்குக் குளோன் மாறும். உங்கள் பொதிக் களஞ்சியத்துக்குள்ளேயே நேரடியாக பில்ட் செய்தால், அது 'அப்ஸ்ட்ரீம்/1.4', 'டெபியன்/1.4-2' போன்ற உங்கள் டேக்குகளைப் படித்து வேறொரு தவறான எண்ணைத் தரவும் கூடும்.

கேள்வி: என் கணினியில் பில்ட் ஆகிறது, பில்ட் சேவையகத்தில் 'முகவரியைக் கண்டறிய முடியவில்லை' என்று தோற்கிறது. சீமேக் என்ற பில்ட் கருவி, பில்டின் நடுவே எதையோ இறக்குவது போலிருக்கிறது. – வாசகர், பெங்களூரு

பதில்: சேவையகம் செய்வதே சரி. பில்டின்போது பிணையத்தைத் தொடக் கூடாது என்பது டெபியன் கொள்கையின் விதி. ஃபெடோராவின் மாக் சூழலிலும் நிக்ஸின் பில்ட் சூழலிலும் பிணையம் அடைக்கப்பட்டிருக்கும். உங்கள் சீமேக் கோப்பில் 'ஃபெட்ச்கன்டென்ட்' (வெளியிலிருந்து நிரலை இறக்கும் வசதி) என்று தேடிப் பாருங்கள். அதன்கீழ் கிட்-டேக் என்ற இடத்தில் 'மெயின்' என்று கிளைப் பெயர் இருந்தால், உங்கள் கணினியில் நேற்று கட்டியதும் இன்று கட்டியதும் வெவ்வேறு நிரல்களாக இருந்திருக்கலாம். பிணையத்தில் செய்ய வேண்டியது எதுவானாலும் மூலநிரலைத் தயாரிக்கும் கட்டத்திலேயே, ஒரு குறிப்பிட்ட கமிட்டை வைத்து, ஒருமுறை செய்து முடித்து, விளைவை டார்பாலாகப் பதிந்துவிட வேண்டும். பில்ட் தொடங்கிய பின் வெளியுலகத்தை அது கேட்கக் கூடாது. இந்த எல்லைக்கோட்டை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். இதை மீறிக் கட்டிய பொதியை, பாதுகாப்புத் திருத்தம் தேவைப்படும் நாளில் மீண்டும் கட்ட முடியாமல் போகலாம். இறக்கிய தளமே அப்போது இல்லாதிருக்கலாம்.

சார்ந்திருக்கும் நூலகம் டெபியனில் இருந்தால், அதைக் கண்டுகொள்ளும்படி சீமேக் கோப்பைப் பேட்ச் செய்யுங்கள். இல்லையெனில் துணை டார்பாலாகச் சேர்த்து, 'ஃபெட்ச்கன்டென்ட்_சோர்ஸ்_டிர்_' என்று தொடங்கி அந்த நூலகத்தின் பெயரில் முடியும் மாறியில் அதன் இடத்தைக் காட்டுங்கள். ரஸ்ட் திட்டங்களில் 'கார்கோ வென்டார்', கோ திட்டங்களில் 'கோ மாட் வென்டார்' ஆகியவை சார்புகள் அனைத்தையும் ஒரு கோப்புறையில் இறக்கித் தரும். அதைத் தனி டார்பாலாக்கி, பில்டின்போது ஆஃப்லைன் விருப்பத்தை இடலாம். டெபியனின் அதிகாரப்பூர்வக் காப்பகத்துக்கு இந்த வழி ஏற்றதன்று, அங்கே நூலகங்கள் ஒவ்வொன்றும் தனிப் பொதியாவதே வழக்கம். உங்கள் நிறுவனத்தின் உள் களஞ்சியத்துக்கு இது போதுமானது. இப்படிக் கையால் சேர்க்கும் டார்பால்களை கிட் ஆர்க்கைவ் உருவாக்கவில்லை என்பதால், பெயர் வரிசை, நேரம், உரிமையாளர் எண் ஆகியவற்றை குனு டாரின் விருப்பங்களால் நிலைப்படுத்தி, ஜிசிப்பில் பெயரும் நேரமும் பதியாத விருப்பத்தை இட்டுச் சுருக்குங்கள்.

கேள்வி: விளையாட்டு ஒன்றைப் பொதியாக்கினேன். படங்கள் எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொன்றும் 130 பைட் அளவே இருக்கிறது. – வாசகர், கோலாலம்பூர்

பதில்: அவை படங்கள் அல்ல, பெரிய கோப்புகளைத் தனியே சேமிக்கும் நீட்சியான கிட் எல்எஃப்எஸ்ஸின் சுட்டிக் கோப்புகள். உரைத் தொகுப்பியில் திறந்தால் வடிவத்தின் பெயர், எஸ்எச்ஏ256 எண், அளவு என்று மூன்று வரிகள் இருக்கும். கிட் எல்எஃப்எஸ்ஸை நிறுவி 'கிட் எல்எஃப்எஸ் புல்' இட்டபின் டார்பால் உருவாக்குங்கள். இறக்கிய ஒவ்வொரு படத்தையும் அந்த எஸ்எச்ஏ256 எண்ணோடு சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சிறு மாற்றங்களுக்குப் பேட்ச் எழுதுவதா, பில்ட் விதிகளுக்குள் உரையைத் தேடி மாற்றும் செட் கட்டளை போதுமா, அல்லது டார்பால் உருவாக்கும்போதே கோப்பைத் திருத்திவிடலாமா? கூடவே, காப்புரிமைச் சிக்கலுள்ள ஒரு கோப்புறையை நீக்கவும் வேண்டியிருக்கிறது. – வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: டார்பாலுக்குள் திருத்தம் செய்யாதீர்கள். மூல டார்பால் உருவாக்குநரின் சொல்லாகவே இருக்க வேண்டும். நம் சொல் அனைத்தும் பேட்சாக வெளியே தெரிய வேண்டும். செட் கட்டளைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது தேடும் வரி அடுத்த பதிப்பில் மாறிப்போனால், எதையும் மாற்றாமல், பிழையும் சொல்லாமல் கடந்துபோய்விடும். பேட்ச் அப்படியன்று, பொருந்தாவிட்டால் உடனே நின்று உங்களை அழைக்கும். அதனால் ஒரே ஒரு வரி மாற்றமானாலும் பேட்சாக எழுதி, அதன் தலைப்பில் காரணத்தையும், உருவாக்குநருக்கு அனுப்பியிருந்தால் அந்த விவரத்தையும் குறித்துவிடுங்கள். பதிப்பெண்ணை நிரப்புவது போல ஒவ்வொரு பில்டிலும் மாறும் மதிப்புகளுக்கு மட்டும் செட் பொருத்தமானது. பேட்ச் காரணமின்றிப் பொருந்த மறுத்தால், கோப்பின் வரி முடிவுகளைப் பாருங்கள். கிட்ஆட்ரிபியூட்ஸில் உள்ள வரி முடிவு விதிகளை கிட் ஆர்க்கைவும் பின்பற்றுவதால், களஞ்சியத்தில் ஒரு வடிவிலும் டார்பாலில் வேறு வடிவிலும் அதே கோப்பு இருக்க முடியும்.

கோப்புறையை நீக்குவது மட்டும் விதிவிலக்கு. வழங்க உரிமையில்லாததைப் பேட்சால் நீக்கினால், அது டார்பாலில் தொடர்ந்து இருக்கவே செய்யும். டெபியன்/காப்பிரைட் கோப்பில் 'ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்' என்ற புலத்தில் அந்தக் கோப்புறையின் பெயரை எழுதினால், யுஸ்கேன் என்ற டெபியன் கருவி புதிய பதிப்பை இறக்கும்போதெல்லாம் அதை விலக்கிவிட்டு டார்பாலை மீண்டும் கட்டித் தரும். மாற்றப்பட்ட டார்பால் என்பது எவருக்கும் தெரியும்படி, உரிமச் சிக்கலுக்காக நீக்கினால் பதிப்பெண்ணின் பின்னே '+டிஎஃப்எஸ்ஜி' என்றும், அளவு போன்ற வேறு காரணங்களுக்காக நீக்கினால் '+டிஎஸ்' என்றும் சேர்ப்பது வழக்கம். நீக்கியபின் ஒருமுறை முழுச் சோதனைகளையும் ஓட்டிப் பாருங்கள். நீக்கிய கோப்புறையில் இருந்த ஏதோ ஒரு மாதிரித் தரவைச் சோதனைகளில் ஒன்று தேடிக்கொண்டிருக்கக் கூடும்.